பாவாடை மாஸ்டர் விழுந்த சத்தம்

துணி கிழியவில்லை. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு துண்டுத் துணி வேண்டுமென்று வாசலில் கேட்டார்கள். உண்ணாமலை உள்ளே போய்த் தையல் மெஷினுக்கு அடியில் இருந்த மூட்டையைப் பிரித்து, கைக்கு வந்ததைப் பல்லில் கடித்து இழுத்தாள். ஒரு நூல்கூட நகரவில்லை. மூட்டையில் இருந்ததெல்லாம் காடாத் துணி, ஜூடோ சட்டைகளின் கழுத்துப்பட்டைக்கு வெட்டியதில் மிஞ்சியவை. இரண்டு பேர் பிடித்து உலுக்கினாலும் கிழியக் கூடாது என்று கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த துணி அது. இன்றைக்கு மட்டும் கிழிந்து கொடுக்குமா என்ன? கத்தரியைத் தேடினாள். மெஷின் மேலேயே கிடந்த கத்தரி வெகுநேரம் அவள் கண்ணில் படவில்லை.

வெட்டிய துண்டைக் கொண்டுபோய் நாத்தனார் ஆண்டாயியிடம் கொடுத்தாள். ஆண்டாயி தன் அண்ணனின் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, யாரோ முடிச்சுப் போட்டார்கள். வாசலில் சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்ட சாமியானா. சித்திரை வெயில் அதற்குள் வடிந்து இறங்கியதில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பாதி சிவப்பாகவும் பாதி நீலமாகவும் தெரிந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் பாவாடை மாஸ்டரும் அப்படித்தான் இருந்தார். உண்ணாமலைக்கு எல்லாச் சத்தமும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. இப்போது எழுந்துவிடுவார் என்று தோன்றியது. முப்பது வருஷமாக அவர் விழுவதைப் பார்த்திருக்கிறாள். விழுந்த இடத்தில் அவர் படுத்துக் கிடந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

காலையில் நடந்தது இவ்வளவுதான். கொல்லையில் சிமெண்டுத் தரை மேல் ஒரு பழைய பச்சை மெத்தை கிடக்கும். எழுந்து முகம் கழுவியதும் மாஸ்டர் அதில் போய் நின்று விழ ஆரம்பிப்பார். மல்லாக்க, இடப்பக்கம், வலப்பக்கம், முன்னால் உருண்டு. ஒவ்வொரு முறையும் உடம்பு தரையைத் தொடும் அந்த நொடியில் கை நீண்டு மெத்தையில் அறையும். விழுகிற வேகத்தையெல்லாம் கை வாங்கிக்கொண்டுவிடும், தலைக்கும் முதுகுக்கும் ஒன்றும் ஆகாது. ஜூடோவில் முதல் பாடமே அதுதான். அறுபது தாண்டியும் அவர் விடவில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் பதறி ஓடி வருவார்கள். இரண்டாவது வாரம் அந்தச் சத்தத்தில் கண் விழித்துப் பால் வாங்கக் கிளம்புவார்கள்.

இன்றைக்கும் பட்டென்று ஒரு சத்தம் வந்தது. ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தபடி உண்ணாமலை பாலை அடுப்பில் வைத்தாள். அடுத்த சத்தம் வரவில்லை. அவளுக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. முட்டியைப் பார்த்த டாக்டர் இனிமேல் விழவே கூடாது என்று சொல்லி எத்தனையோ மாதமாகிறது, கேட்டால்தானே. ஒன்றோடு நிறுத்திவிட்டாரே, மனுஷனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று இஞ்சியைக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டிப் போட்டாள். பால் பொங்கி, டீ கொதித்து, வடிகட்டி, ஆற்றி, டம்ளரோடு கொல்லைக்குப் போனாள்.

மாஸ்டரின் இடுப்புவரை மெத்தையில் இருந்தது. தோளும் தலையும் சிமெண்டுத் தரையில். இடது கை உடம்பை விட்டு விலகி, உள்ளங்கை தரையைப் பார்த்து விரிந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் போன பிறகுதான் கொண்டுவந்திருக்கிறீர்கள், மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் நந்தினி திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்து இறங்கியவள் முதலில் அழவில்லை. அப்பாவின் கண் இமையை நீக்கிப் பார்த்தாள், பின்தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சாம்மா?" என்றாள்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது நந்தினி இதே வீட்டுக் கூடத்தில், நெஞ்சு நின்றுபோனவருக்கு எப்படி அழுத்தம் கொடுப்பது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பொம்மைக்குப் பதில் மாஸ்டர் படுத்துக்கொண்டார். மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தவர் நடுவில் உண்ணாமலையைப் பார்த்துக் கண்ணடித்தார். நந்தினிக்குக் கோபம். விளையாடாதீங்கப்பா, முதல் ரெண்டு மூணு நிமிஷந்தான் உயிர், அதுக்குள்ள போய் அமுக்கணும் என்று அதட்டினாள். அந்த அதட்டல்தான் இப்போது உண்ணாமலையின் காதில் விழுந்தது.

"கேக்கலடி. நான் உள்ள இருந்தேன்" என்றாள்.

நந்தினி அதற்குப் பிறகுதான் அழுதாள். அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அப்பா விழமாட்டார், அப்படியானால் விழுவதற்கு முன்பே உயிர் போயிருக்கிறது, அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைச் சொல்லச் சொல்ல அவள் மூச்சு நிதானமாவது உண்ணாமலைக்கு மடியில் தெரிந்தது. மகளின் தலையைக் கோதிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். ஒரு வார்த்தைதான், வாயில் வந்ததைச் சொன்னாள். அது இப்படி மகளுக்கு ஆறுதலாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அவள் கண்டாளா?

துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முல்லை ஜூடோ கிளப்பின் எந்தக் காலத்து ஆள் என்று வருகிறவரைப் பார்த்தே உண்ணாமலைக்குச் சொல்லத் தெரியும்.

பாவாடை வாலிபத்தில் மத்திய ரிசர்வ் போலீஸில் சேர்ந்து வடக்கே போனார். அங்கே ஒரு முகாமில் ஜூடோ அணி இருந்தது. மெடல் வாங்குகிற வீரர்கள் தினமும் தூக்கிப் போட்டுப் பழக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பாவாடை. வருஷக்கணக்கில் அவருடைய வேலை விழுவதுதான். அவர் ஒரு மெடலும் வாங்கவில்லை, ஆனால் அவரைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய வாங்கினார்கள். அங்கே அவர் பெயருக்கு அர்த்தம் தெரியாததால் யாரும் சிரிக்கவில்லை. இடது முட்டி பெயர்ந்து ஊர் திரும்பிய பிறகுதான் பழைய தொல்லை ஆரம்பித்தது. பாவாடை மாஸ்டர் என்று சொன்னதும் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டரும் கூடவே சிரிப்பார்.

முதல் கிளப் முல்லை ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த களம். மில்காரர் இடம் கொடுத்தார், மில்லின் பெயரையே கிளப்புக்கு வைக்கவேண்டும் என்பது நிபந்தனை. மில்லை இழுத்து மூடியும் பெயர் ஒட்டிக்கொண்டது. வைக்கோலைப் பரப்பி மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியதுதான் மெத்தை. சண்டை போட்ட நேரத்தைவிடப் பையன்கள் சொறிந்துகொண்ட நேரம் அதிகம். அப்புறம் உண்ணாமலை கழிவுப் பஞ்சு வாங்கி மெத்தை தைத்தாள். எலி குட்டி போட்டது. முதல் மழையில் நனைந்து, நான்கு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியாமல் அங்கேயே மக்கிப் போனது.

மூன்று மாதம் யாரையும் தூக்கிப் போடக் கூடாது, விழ மட்டும்தான் வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். பாதிப் பேர் இரண்டாவது வாரமே கராத்தேவுக்குப் போய்விட்டார்கள். கராத்தேக்காரர்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஓடு உடைத்துக் கைதட்டு வாங்கினார்கள். இவர்கள் சுதந்திர தினத்துக்கு மைதானத்தில் வரிசையாக விழுந்து காட்டினார்கள். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

ஊரில் வேறு பேச்சும் இருந்தது. ஜூடோ என்றால் ஒருவன் சட்டையை ஒருவன் பிடிக்கத்தான் வேண்டும், மேலே விழத்தான் வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை யார் கழுத்தைப் பிடிப்பது என்று கேட்டார்கள். பாவாடையின் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர் என்பதை யாரும் மறக்கவில்லை. பாடாலூரிலிருந்து ஒரு நிலத்துக்காரர் பஸ் ஏறி வந்து, பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே மகனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பையன் பூவரசன் அடுத்த வாரமே திரும்பி வந்து, மில்லின் பின்பக்கச் சுவரேறிக் குதித்தான். குதித்தபோது சரியாக விழுந்தான் என்று மாஸ்டர் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

பிறகு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் கிடைத்தது, முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும். அதனால் ஆடியும் மார்கழியும் கிளப்புக்கு நல்ல மாதங்கள். ஊரில் கல்யாணங்கள் பெருகினால் பெரம்பலூரில் ஜூடோ படுத்துவிடும். ரச வாடைக்கு நடுவில்தான் இரண்டு பெண்கள் மாநில அளவுக்குப் போனார்கள். இதற்கிடையில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது, மறுபடி சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் போர்டில் பெயரை மாற்றி எழுதினார்கள். முந்தின வாரம் ஒரே மெத்தையில் உருண்டவர்கள் திடீரென்று இரண்டு மாவட்டமாகி எதிரும் புதிருமாக நின்றார்கள். ரெண்டு பக்கமும் விழறது நம்ம பிள்ளைங்கதான் என்று மாஸ்டர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் கைதட்டினார். கடைசியாக ஏதோ ஒரு அரங்கத்தில் கழித்துப் போட்ட நிஜமான மெத்தைகள் கிடைத்தன. அதற்குள் லாரி டிரைவராகியிருந்த பூவரசன்தான் ஏற்றிக்கொண்டு வந்தான். ஓரம் பிய்ந்த ஒன்று கிளப்புக்கு உதவாது என்று கொல்லைக்கு வந்து சேர்ந்தது.

இந்த நினைப்பெல்லாம் வரிசையாக வரவில்லை. வெயிலில் கானல் எழுவதைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக வந்து கலைந்தன. ரைஸ் மில் காலத்து ஆள் ஒருவர் தலை நரைத்து வந்து நின்றார். மண்டபத்துக் காலத்துப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். ஒவ்வொருவரிடமும் நந்தினி அதையே சொன்னாள். அம்மா உள்ள இருந்தாங்க, சத்தமே கேக்கல, வலியே தெரிஞ்சிருக்காது. கேட்டவர்கள் உண்ணாமலையைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவளும் தலையசைத்தாள். ஒவ்வொரு தலையசைப்புக்கும் அந்தப் பொய் இன்னொரு சுற்றுத் தையல் வாங்கிக்கொண்டது.

மத்தியானத்துக்கு மேல் குளிப்பாட்டத் தூக்கினார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றபோது ஆலத்தியூர் சுண்ணாம்புக்கல் லோடை அப்படியே வழியில் நிறுத்திவிட்டு வந்திருந்த பூவரசன் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான். அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பது அங்கிருந்த பெரியவர்களுக்குத் தெரியும். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. தலையைத் தன் முன்கையில் ஏந்திக்கொண்டு, மற்றொரு கையால் சீயக்காய் தேய்த்தான். பின்தலையில் அவன் கை வெகுநேரம் நின்றது.

கோடி உடுத்தி மறுபடி வாசலுக்குக் கொண்டுபோன பிறகு, கொல்லைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த பூவரசனுக்கு உண்ணாமலை துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் துண்டை வாங்கவில்லை. மெத்தையையும் அதை ஒட்டி இருந்த துவைக்கிற கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, தலையில ஒரு கீறல் இல்ல."

அவள் துண்டை நீட்டியபடியே நின்றாள்.

"சிமெண்டுத் தரை. பக்கத்துலயே கல்லு. உசுரு போயி சாஞ்ச ஆளுன்னா மண்டை தப்பிச்சிருக்காதுக்கா. தாடைய நெஞ்சோட ஒட்டியிருக்காரு. கை அடிச்சிருக்கு." அவன் அவள் பக்கம் திரும்பினான். "கை அடிச்சா சத்தம் வந்திருக்கும்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உண்ணாமலை அதை இறுக்கி மூடினாள்.

"வந்துச்சு" என்றாள்.

"எத்தன தடவ?"

"ஒரே தடவதான். எப்பவும் வர்ற மாதிரியே. நான் டீ போட்டுக்கிட்டு இருந்தேன் பூவரசா."

பூவரசன் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அப்போதே போய்ப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பான், கேட்கட்டும், யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் தேவலை என்று நின்றாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரியாத்தான் விழுந்திருக்காரு மாஸ்டர்" என்றான். அவன் குரலில் இருந்தது பெருமை. அந்த நேரத்திலும் நெஞ்சு அடைத்துக்கொண்டு, கண் இருட்டி, கால் நழுவியபோதும், உடம்பு கற்றதை மறக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி ஆறவில்லை அவனுக்கு. அப்புறம்தான் நந்தினி சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி, தான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, பாப்பா நெனச்சுக்கிட்டு இருக்கறது அப்படியே இருக்கட்டும் என்றான்.

அவன் போன பிறகு உண்ணாமலை அங்கேயே நின்றாள். இத்தனை நேரம் அந்தச் சத்தம் அவளுடைய குற்றமாக மட்டுமே இருந்தது. அது அவருடையதும்கூட என்று இப்போதுதான் உறைத்தது. ஆயிரக்கணக்கான தடவை விழுந்தவர் கடைசியாக ஒருமுறை விழுந்தார், சுத்தமாக விழுந்தார். அதைக் கேட்டது உலகத்தில் அவள் ஒருத்திதான். சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாமல் இன்றைக்கே எரிந்துபோகும். சொன்னால் மகளின் ஆறுதல் போகும், பால் பொங்கும் வரை அடுப்படியில் நின்றவள் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோகும். நந்தினி இனி தன் முகத்தில் விழிப்பாளா? மெத்தை மேல் மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

வாசலில் அரியலூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றிருந்தது. இப்போது பழகுகிற பிள்ளைகள். ஆணும் பெண்ணுமாக எல்லாரும் ஜூடோ சட்டையிலேயே வந்திருந்தார்கள். எல்லாம் உண்ணாமலை தைத்தவை. ஒருத்தியின் தோள் பக்கம் தையல் விட்டிருந்தது, வீட்டுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். பிள்ளைகள் பெட்டியின் அருகே வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். தமிழ்மொழி என்ற பெண், மாஸ்டர் எப்படி இறந்தார் என்று நந்தினியிடம் மெல்லக் கேட்டாள். விழுந்தாரா என்று கேட்டாள்.

விழவில்லை, சாய்ந்துவிட்டார் என்றாள் நந்தினி. சத்தமே இல்லையாம், அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றாள்.

பின்வரிசை நாற்காலியில் சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "விழறதுக்கே சர்க்கார் சம்பளம் வாங்குன மனுசன். கடைசில மூட்ட மாதிரி சாஞ்சுட்டாரு பாரு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சாவு வீட்டில் ஏதாவது பேசித்தானே ஆகவேண்டும். ஆனால் அது பிள்ளைகளின் காதில் விழுந்தது. தமிழ்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். பந்தல் கால் ஓரமாக நின்ற பூவரசன் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். சொல்ல மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டதே.

"சத்தம் கேட்டுச்சு" என்றாள் உண்ணாமலை.

அவள் உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் பந்தலில் பேச்சு நின்றது.

"நான்தான் கேட்டேன். பட்டுனு ஒரே சத்தம். கை அடிச்ச சத்தம். முப்பது வருசமா கேக்கற எனக்குத் தெரியாதா? நல்லாத்தான் விழுந்தாரு ஒங்க மாஸ்டரு."

பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். தமிழ்மொழியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் தலை குனியவில்லை. பூவரசன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். உண்ணாமலை அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள்.

நந்தினியின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நர்ஸ் கேட்கிற குரலில் கேட்டாள். "எப்பம்மா போயிப் பாத்த?"

"பால் பொங்கி, டீ ஆத்துனதுக்கப்புறம்."

"அதுவரைக்கும்?"

"ஒண்ணோட நிறுத்திட்டாருன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன்டி."

நந்தினி எழுந்தாள். அம்மாவைத் தாண்டி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுவது எல்லாருக்கும் கேட்டது. ஆண்டாயி கதவைத் தட்டப் போனாள். உண்ணாமலை வேண்டாமென்று கையைக் காட்டினாள்.

நேரம் ஆகிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். கொள்ளி வைக்க மாஸ்டரின் தம்பி மகன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து நின்றான். வாய்க்கரிசி போட நந்தினியைக் கூப்பிட்டார்கள். கதவு திறக்கவில்லை. உண்ணாமலை தன் பங்கைப் போட்டாள். இன்னொரு பிடி அள்ளி, இது நந்தினியின் பங்கு என்று வாய்விட்டுச் சொல்லாமல் போட்டாள். அவர் உதட்டோரத்தில் ஒட்டிய ஒரு அரிசியை விரலால் எடுத்தாள். எதற்காக எடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜூடோ சட்டைக்காரப் பையன்கள்தான் தூக்கினார்கள். பூவரசன் தலைமாட்டில். பறை அதிர்ந்தது, வெடி வெடித்தது. பெண்கள் தெருமுனை வரை வந்தார்கள். வேப்பமரத்தடிதான் எல்லை. பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து தலைமுழுக வேண்டும். ஒவ்வொருத்தியாக நின்றுகொண்டார்கள். பாடை ரோட்டில் ஏறி, வெயிலின் வெள்ளை வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. தூக்கியவர்களின் சட்டையும் வெளிச்சமும் ஒன்றாகிப் பிரிக்க முடியாமல் தெரிந்தது.

உண்ணாமலை நிற்கவில்லை. நிற்காமல் போகிறாள் என்று உணரவே மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆண்டாயி ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க அண்ணி போற? இதுக்கு மேல நம்ம போவக் கூடாது."

"காலைலயும் போவல ஆண்டாயி" என்றாள் உண்ணாமலை.

ஆண்டாயியின் பிடி கெட்டிப் பிடி, களையெடுத்த கை. உண்ணாமலை இழுக்கவில்லை, உதறவும் இல்லை. கையைப் பெருவிரல் பக்கமாக ஒரு சின்னத் திருப்புத் திருப்பினாள். பிடி தானாக விட்டுப்போனது. ஒருநாளும் மெத்தையில் கால் வைக்காதவள் அவள். பயிற்சி முடியும்வரை சுவரோரம் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அதில் எப்போது கைக்கு வந்ததோ. ஆண்டாயி வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்ணாமலை ரோட்டில் ஏறினாள். தார் இளகிக் கிடந்தது. வெறுங்கால் பட்ட இடமெல்லாம் சுட்டது. முன்னால் போகிறவர்கள் இறைத்த பொரியும் சாமந்தியும் வழி முழுக்கக் கிடந்தன. பூ கிடந்த இடமாகப் பார்த்து மிதித்தாள். பறைச் சத்தம் சில சமயம் பக்கத்திலும் சில சமயம் வெகுதூரத்திலும் கேட்டது. எதிரே வந்த பஸ் ஒன்று ஓரமாக நின்று வழிவிட்டது. ஜன்னல்களில் முகங்கள் நகர்ந்தன. ஒரு பெண்பிள்ளை தனியாகப் பின்னால் நடந்து போவதை அவை பார்த்தன.

பின்னாலிருந்து யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. மூச்சு வாங்க ஓடி வந்து முன்னால் குனிந்த நந்தினி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பை அம்மாவின் காலடியில் நேராக வைத்தாள். அவள் நிமிரவில்லை. உண்ணாமலை அவள் தோளில் கையை ஊன்றிக்கொண்டு, முதலில் வலது காலை நுழைத்தாள், அப்புறம் இடது காலை. நந்தினி வெறுங்காலோடு வந்திருந்தாள்.